சாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

“மேடம், இதுல எதைத் திறக்கறது?”

கேட்டது புகார் போன் எடுக்கும் பெண். கணினித் திரையில் பதினோரு சதுரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து.

“வீடியோ வெட்டறதுன்னு எங்கேயாவது போட்டிருக்கா பாரு.”

“அப்படி எதுவும் போடலை மேடம்.”

“வீடியோ சாப்ட்வேர்தானே கேட்டோம்?”

“ஒண்ணு கேட்டா பதினொண்ணு குடுத்திருக்காங்க மேடம்.”

உதவி மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நடுவில் இருந்த சதுரத்தை அழுத்தினாள். வெள்ளைத்தாள் ஒன்று விரிந்து, வரையச் சொல்லி நின்றது. அடுத்ததை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று நெஞ்சுத்துடிப்பு மாதிரி ஓடியது, அது ஒலிக்கானது. ஐந்தாவதுதான் வீடியோவுக்கானது. திறந்ததும் அது கேள்வி கேட்க ஆரம்பித்தது.

“நொடிக்கு எத்தனை படம் வேணும்னு கேக்குது மேடம்.”

“நொடிக்கு ஒண்ணு போதாதா?”

“இருபத்தஞ்சுன்னு அதுவே போட்டு வெச்சிருக்கு.”

“அதுக்கே தெரியும்னா நம்மளை எதுக்குக் கேக்குது?”

பதினோரு வருடமாக அவள் அந்தக் கிளையில் உதவி மேலாளர். லிப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. எந்தக் கட்டிடத்தில் யார் மாட்டிக்கொண்டு கத்தினாலும் போன் இங்கேதான் வரும். பதினோரு வருடமும் அவளுக்கு மேலே ஒரே மேலாளர். வரும் வெள்ளிக்கிழமையோடு அவருக்கு அறுபது வயது. ஓய்வு. அதற்கடுத்த திங்கட்கிழமை அந்த நாற்காலி யாருக்கு என்பதில் கிளையில் யாருக்கும் சந்தேகமில்லை. மேலிடத்திலிருந்து ஒரு தாள் வரவேண்டியதுதான் பாக்கி.

மேலாளருக்கு ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை தடவை தாகம் எடுத்து வருகிறார்கள் என்று குறித்துக்கொண்ட மனிதர். ஒன்பதாவது மாடியில் லிப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்த மெக்கானிக்கைப் போனில் பிடித்து, “ஏழாம் நம்பர் படிவம் ஏன் இன்னும் வரலை?” என்று கேட்டவர்.

அந்த மனிதர்தான் இந்த வாரம் திங்கட்கிழமை காலை அவளைக் கூப்பிட்டார்.

“என்னைப் பத்தி எல்லாரும் பேசற மாதிரி ஒரு வீடியோ வேணும். சாப்ட்வேர் வாங்கிக் குடுத்திருக்கேன்.”

“விழாவுக்குத்தானே சார்?”

“வெள்ளிக்கிழமைக்கு. வியாழக்கிழமையே மேலிடத்துக்கு ஒரு பிரதி போகணும். நல்லா இருக்கணும். பார்க்கறவங்க பெரியவங்க.”

பெரியவர்கள் பார்க்கப் போகிறார்கள் என்றதும் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. வீடியோவைப் பார்ப்பவர்கள், செய்தது யார் என்றும் கேட்பார்கள் அல்லவா?

வெளியே வந்து ஊழியர்களைக் கூட்டினாள்.

“ஆளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. போதும்.”

“நாலா? ஒண்ணு தேடவே ஒரு வாரம் ஆகும் மேடம்” என்றார் ஸ்டோர்காரர்.

“அஞ்சு நாள்ல போகப்போற மனுஷன். பொய்யாவது சொல்லக்கூடாதா?”

“பொய் வருது மேடம். அதைச் சொல்லும்போது முகம் வரமாட்டேங்குது.”

ஆனாலும் வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நிறுத்தியதும் ஸ்டோர்காரர் பேசினார். “இப்படி ஒரு மனுஷனை என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்லை. லிப்டுக்குப் பல்பு வேணும்னா, பியூஸ் போன பல்பைக் கழட்டிக் கொண்டுவந்து காட்டணுமாம். பல்பு இல்லாத இருட்டுல பல்பை எப்படிய்யா கழட்டறது?”

“சார்னு சொல்லுங்க.”

“எப்படிய்யா சார் கழட்டறது?”

அன்று மதியம் உதவி மேலாளர் அந்தச் சாப்ட்வேரில் ஒரு சின்ன பிளேடு படத்தைக் கண்டுபிடித்தாள். டைம்லைன் என்கிற நீளக் கோட்டில் கிளிப்புகளை வரிசையாக வைத்து, வேண்டாத இடத்தில் பிளேடால் ஒரு கீறு. பிறகு அழித்துவிடலாம். ‘பார்த்ததில்லை’க்குப் பின்னால் ஒரு கீறு கீறினாள்.

திரையில் ஸ்டோர்காரர் கம்பீரமாகச் சொன்னார்: “இப்படி ஒரு மனுஷனை என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்லை.” சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

போன் எடுக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “மேடம்! இது நல்ல வார்த்தையாவே ஆயிடுச்சு!”

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் பதினான்கு பேரையும் அப்படியே வெட்டிச் சரிசெய்து, மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். உடை மாற்றிக்கொண்டு திரும்புவதற்குள் கணவர் அதன்முன் உட்கார்ந்திருந்தார்.

“உன் கம்ப்யூட்டர் மூச்சு விடவே கஷ்டப்படுது. வட்டம் வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு.”

“தொடாதீங்க.”

“தொடலை. இடத்தை அடைச்சுக்கிட்டு ஒரே வீடியோ ரெண்டு ரெண்டா இருந்துச்சு. ஒரு போல்டர்லயும் இருக்கு, அந்த சாப்ட்வேர் உள்ளயும் இருக்கு. போல்டரை அழிச்சுட்டேன். இப்ப பாரு, பறக்கும்.”

அவள் சாப்ட்வேரைத் திறந்தாள். பறக்கத்தான் செய்தது. பதினான்கு பேரும் நின்ற இடத்தில் பதினான்கு சிவப்புச் சதுரங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று எழுதியிருந்தது.

“என்ன பண்ணினீங்க?”

“சுத்தம் பண்ணினேன்.”

“குப்பைத்தொட்டியிலயாவது இருக்கும்ல?”

“அதையும் காலி பண்ணிட்டேன். செய்யற வேலையை முழுசா செய்ய வேண்டாமா?”

உதவி மையத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்த பையன் பொறுமையாகச் சொன்னான். “மேடம், சாப்ட்வேர் உள்ள வீடியோ எதுவும் இருக்காது. உங்க வீடியோ எங்க இருக்குங்கற விலாசத்தை மட்டும்தான் அது வெச்சிருக்கும்.”

“விலாசத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன, கடுதாசியா போடப்போறேன்?”

“வீடியோவை நகர்த்தவோ அழிக்கவோ கூடாதுன்னு முதல் பாடத்துலயே இருக்கே மேடம். பார்க்கலையா?”

“முதல் பாடம் எந்தச் சதுரத்துல இருக்கு?”

புதன்கிழமை மறுபடியும் எல்லோரையும் ஜன்னல் பக்கம் நிறுத்தவேண்டியதாயிற்று.

“மறுபடியுமா?” என்றார் ஸ்டோர்காரர். “சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல நான் என்ன லிப்டுக்குள்ள பேசற பொம்பளையா? ‘கதவு மூடப்படுகிறது, கதவு மூடப்படுகிறது’ன்னு?”

“அந்த ஒரு வரி மட்டும் சொல்லுங்க, புண்ணியமாப் போகும். மனுஷனைப் பார்த்ததில்லைன்னு.”

“அதைச் சொன்னா அதுக்கு மேல தானா வருதே மேடம். நிறுத்த முடியலை.”

நிறுத்தவில்லை. பன்னிரண்டு நிமிடம் போயிற்று. பிளேடுக்கு வேலை கூடியது.

மூத்த மெக்கானிக் வந்து நின்றார். காமிராவையே முறைத்துப் பார்த்தார். தாடை இறுகியது.

“ஏதாவது சொல்லுங்க.”

“வாயைத் திறந்தா என் வேலை போயிடும் அக்கா.”

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போன் எடுக்கும் பெண்ணிடம், “கொஞ்சம் சோகமா இரு, அது போதும்” என்றாள் உதவி மேலாளர். சோகமாக இரு என்றதும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கிற்று. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். எடுத்தபோது கண் முழுக்கத் தண்ணீர்.

“நீயெல்லாம் உருப்படுவியா?” என்று திட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பிய உதவி மேலாளர், வேறு வழியில்லாமல் அந்தக் கிளிப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். சத்தத்தை அணைத்தாள். பச்சைக்கோட்டுச் சதுரத்தில் இருந்த வயலின் ஒன்றைக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண் விம்மி விம்மி அழுதாள்.

மெக்கானிக்குக்கும் அதே வயலின். பேச்சு வராமல் தொண்டை அடைத்துப் போய், கண் கலங்கியதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

“மேடம், எனக்கே அழுகை வருது” என்றாள் பெண். “நான் அழுததைப் பார்த்து.”

வியாழக்கிழமை காலை தலைப்பு. அதற்குத் தனிச் சதுரம். மூன்று மணி நேரம் போராடி, ‘போய் வாருங்கள் ஐயா’ என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்காரும்படி செய்தாள். ‘ஐ’ மட்டும் வழி தெரியாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தது. அதையும் அடக்கி உட்கார வைத்தபோது மேலாளர் பின்னால் நின்றார்.

“இது எதுக்கு?”

“தலைப்பு சார். வழியனுப்பற மாதிரி...”

“வேண்டாம். கண்ணை உறுத்துது. பேரும் பதவியும் போதும்.”

“பதவிக்கு முன்னாடி ‘முன்னாள்’னு போடட்டுமா சார்?”

“இன்னிக்கு நான் யாரு?”

“மேலாளர்.”

“அப்ப அதைப் போடுங்க.”

தலைப்பை எடுத்தாள். தலைப்பு இருந்த இடத்தை நிரப்ப எல்லாக் கிளிப்புகளும் இடதுபக்கம் நகர்ந்தன. ஒலி நகரவில்லை. மெக்கானிக்கின் வாயிலிருந்து வயலினும், கணக்குப்பிரிவு அம்மாளின் வாயிலிருந்து ஸ்டோர்காரரின் குரலும் வந்தன. அதைச் சரிசெய்ய ஒலியைப் பிடித்து இழுத்தாள். ஒலி எங்கேயோ ஓடியது. மதியச் சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது.

நான்கு மணிக்கு ஒருவழியாக எல்லா வாயிலும் அவரவர் குரல் வந்து சேர்ந்தது. எக்ஸ்போர்ட் என்பதை அழுத்தினாள். வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக்கித் தரும் பொத்தான் அது.

“எத்தனை நிமிஷ வீடியோ மேடம் இது?”

“நாலு.”

“ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்னு காட்டுதே.”

காட்டியது. உதவி மேலாளர் டைம்லைனை வலதுபக்கம் தள்ளினாள். நான்காவது நிமிடத்தோடு வீடியோ முடிந்து, அதற்குப் பிறகு இருட்டு. தள்ளினாள், தள்ளினாள். இருட்டு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில், தலைமுடி மாதிரி மெல்லிசாக ஒரு கிளிப் தனியாகக் கிடந்தது. அழுத்தினாள்.

அவளுடைய குரல்தான். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கப் புதன்கிழமை பேசியது. ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் இருந்தது.

“ஹலோ, ஹலோ. கடிகாரம் வெள்ளிக்கிழமையோட ஒழியுது. ஹலோ. நாற்காலியைக் கழுவிட்டுத்தான் உட்காரணும்.”

மேலாளர் அறைக் கதவு திறந்தது.

“யார் பேசினது?”

“போன் சார்” என்றாள் போன் எடுக்கும் பெண். “லிப்டுல மாட்டிக்கிட்ட ஒருத்தங்க. நாற்காலி கேக்கறாங்க.”

“படிவம் மூணு எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டுக் கதவு மூடிக்கொண்டது.

உதவி மேலாளர் அந்தக் கிளிப்பை அழித்தாள். அழித்தது போதாதென்று குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். கணவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது. ஆறு மணிக்கு நான்கு நிமிட வீடியோ மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேலிடத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் ஒரு கவர். கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். உதவி மேலாளர் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு நிமிட நன்றியுரையைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

வீடியோ ஓடியது. ஸ்டோர்காரர் திரையில் தன்னைப் பார்த்து, “நானா?” என்றார் மெல்ல. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். போன் எடுக்கும் பெண் அழுதபோது மேலிடத்து அம்மாள் கைக்குட்டை எடுத்தார். மேலாளர் மட்டும் அசையாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்டார்கள்.

“இதை யார் பண்ணினது?” என்று கேட்டார் மேலிடத்து அம்மாள்.

“எங்க உதவி மேலாளர்தான்” என்றார் மேலாளர். “அஞ்சே நாள்ல கத்துக்கிட்டாங்க. கெட்டிக்காரங்க.”

பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. வெட்டாமல் வந்தது.

“ரொம்ப நல்லா வந்திருக்கும்மா” என்றார் அந்த அம்மாள். “இன்னிக்குக் காலையில எங்க இயக்குநர்கள் எல்லாரும் உட்கார்ந்து ரெண்டு தடவை பார்த்தாங்க. உடனே கையெழுத்தும் போட்டுட்டாங்க.” கவரைப் பிரித்து ஒரு தாளை எடுத்தார்.

“மேடம், கைதட்டட்டுமா?” என்று காதருகே கேட்டாள் போன் எடுக்கும் பெண்.

“இரு. பேரைச் சொல்லட்டும்.”

மேலிடத்து அம்மாள் எல்லோரையும் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்.

“உங்க சார் இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் வேணும்னு போன மாசம் கேட்டப்ப, ‘உங்க ஆளுங்க உங்களை விடமாட்டேங்கறாங்கன்னு ஆதாரம் காட்டுங்க, பார்க்கலாம்’னு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னோம்.”