வண்டி நலமாக ஓடுகிறது

உங்கள் வண்டி சூடாகி மீட்டர் முள் சிவப்பைத் தொட்டால் முதலில் என்ன செய்வீர்கள்? ஓரமாக நிறுத்துவீர்கள், அவ்வளவுதானே? கொதியாபுரி நாட்டில் அதற்குப் பெயர் ராஜத்துரோகம்.

அந்த நாட்டுச் சட்டம் ரொம்ப எளிமையானது. தேர்தலில் ஜெயித்தவர் அரசாங்கக் காரில் ஏறிச் சாவியைத் திருப்ப வேண்டும். எஞ்சின் ஓடுகிறவரை அவர்தான் மன்னர். நின்றால் மறுதேர்தல். சட்டம் எழுதிய முன்னோர்கள் நல்லவர்கள்தான். பெட்ரோல் தீர்ந்தால் எந்த மன்னரும் மக்களிடம் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று நினைத்தார்கள். ஓடும்போதே பெட்ரோல் ஊற்றலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்போதைய மன்னருக்குத் தோன்றிவிட்டது. பதினோரு வருடமாகப் பின்சீட்டிலேயே சாப்பிட்டு, பின்சீட்டிலேயே தூங்கி, ஜன்னல் வழியாகக் கையாட்டி ஆண்டு வந்தார்.

பிறகு வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. ரேடியேட்டருக்கு நாளுக்கு ஒரு குடம் என்று தொடங்கி, பத்தாகி, நாற்பதாகி, லாரிக்கணக்கில் போய் நின்றது. கொதிக்கிற மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களுக்குக் 'குளிர்முகத்தார்' என்ற பட்டமும் ஒரு சால்வையும் கொடுத்தார்கள்.

குளிர்ச்சித் துறை அமைச்சர் ஆவுடைநாயகம் சும்மா இருக்கவில்லை. மீட்டரில் சிவப்பாக இருந்த இடத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். முள் ஏறினால் நாடு ஏறுகிறது என்று அறிவித்தார். வண்டியின் பின்னால் வெள்ளையாகப் புகை வர ஆரம்பித்ததும் அதற்கு 'வளர்ச்சிப் புகை' என்று பெயர் வைத்து, அது போகும் தெருவில் எல்லோரும் கைகூப்பி நிற்க வேண்டும் என்றார். குளிப்பதைத் தடை செய்தார். தெருத்தெருவாகக் கிணறுகளை லாரிக்கு எழுதிக் கொடுத்தார். ஒன்று வற்றினால் அடுத்தது.

கடைசியில் மிஞ்சியது கீழத்தெருக் கிணறு. நாளை காலை முதல் அதுவும் லாரிக்கு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தெருவில்தான் மெக்கானிக் பேச்சிமுத்து இருந்தான். வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை.

"ஊர்ல உள்ள ஓட்ட வண்டியெல்லாம் பாக்குதியளே," என்றாள் அவன் மனைவி இசக்கியம்மா, குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே. "நம்ம கெணத்தக் குடிக்க வார வண்டிய மட்டும் பாக்க மாட்டியளோ?"

ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கடைத்தெருவில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே மன்னர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். அமைச்சர் அனுமதி கொடுக்க, பேச்சிமுத்து பானெட்டைத் தூக்கினான். கீழே குனிந்து பார்த்தான். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஹோஸ்களைத் தடவினான், காய்ந்து கிடந்தன. வாட்டர் பம்பும் ஒழுகவில்லை. ரேடியேட்டர் வாயில் மட்டும் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. ஆயில் மூடியைக் கழற்றினான். அதன் அடியில் பால் தூக்கலான டீயைப் போல ஏதோ ஒட்டியிருந்தது. பின்னால் போய்ப் புகையில் கையைக் காட்டினான். கை நனைந்தது.

"ஹெட் கேஸ்கெட் போயிட்டுய்யா," என்றான். "எஞ்சின் தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல ஒரு தகடு உண்டு. அது கிழிஞ்சுட்டு."

"தலைக்கும் உடம்புக்கும் இடையே பிளவா? அரசியல் பேசாதீர்," என்றார் அமைச்சர்.

"வண்டியத்தான்யா சொல்லுதேன். தண்ணி வெளிய ஒழுகல. உள்ள போயி, வெந்து, பின்னால பொகையாப் போவுது. தெருத்தெருவா எறைச்சீயளே, அம்புட்டுக் கெணறும் நீங்க கும்பிடச் சொன்ன பொகைதான்."

டிரைவர் சிரிப்பை அடக்க இருமினான். அமைச்சர் அவனை முறைத்துவிட்டுப் பேச்சிமுத்துவிடம் திரும்பினார்.

"பழுது நீக்க எவ்வளவு காலம் பிடிக்கும்?"

"ஒரு நாளு. ஆனா எஞ்சின நிறுத்தணும்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா காற்றில் நின்றது.

"ஓடவிட்டுக்கொண்டே கழற்ற இயலாதா?"

"ஓடுத ஆளோட நெஞ்சத் தொறந்து தைக்கச் சொல்லுதியளே! நீங்க நிறுத்தலேன்னா சாயங்காலம் அதுவே நின்னுரும்."

காரின் கண்ணாடி இரண்டு அங்குலம் இறங்கியது. "என்னய்யா அங்க சத்தம்?"

"எஞ்சின் பாடுகிறது, மன்னா."

கண்ணாடி ஏறியது. அமைச்சர் பேச்சிமுத்துவின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். ஒரு தாளை நீட்டினார். 'அரசாங்க வண்டி நலமாக ஓடுகிறது. இன்னும் ஐந்தாண்டுகளுக்கு நிற்காது' என்று அழகாக டைப் அடித்திருந்தது.

"கையெழுத்திடும். கீழத்தெருக் கிணற்றை விட்டுவிடுகிறோம். இது என் வாக்கு."

பேச்சிமுத்து எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். அஞ்சு மணி தாண்டாது. எப்படியும் நிற்கப் போகிற வண்டி, ஒரு தாளைப் பார்த்தா ஓடிவிடப் போகிறது? கிணறாவது மிஞ்சட்டும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

நாலே முக்காலுக்கு எஞ்சினுக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றது. பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கடைத்தெருவில் காக்கை கத்துவது கேட்டது. யாரோ விசிலடித்தார்கள். "நின்னுட்டுடே! தேர்தல்டே!" என்று டீக்கடை சங்கிலிமாடன் கிளாஸைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான்.

அமைச்சர் பானெட்டின் மேல் ஏறினார். அது கொதித்ததால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு தாளை வாசித்தார்.

"வண்டி நிற்கவில்லை. வல்லுநர் சான்று இதோ!"

"சத்தமே வரலியேய்யா?" என்றான் சங்கிலிமாடன்.

"நலமாக ஓடும் எஞ்சின் சத்தம் போடாது."

"நவுரவும் இல்லியே?"

"அதற்கு மக்களின் ஒத்துழைப்பு தேவை."

கூட்டம் பேச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தது.

"நிக்கும்னு நான் அப்பமே சொன்னேனேய்யா!" என்று அவன் கத்தினான்.

"கையெழுத்து உம்முடையதா, இல்லையா?"

பேச்சிமுத்து தாளை எட்டிப் பார்த்தான். "என்னதுதான்."

"அது போதும்," என்று அமைச்சர் இறங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கீழத்தெருக் கிணற்றுக்கு லாரி வரவில்லை. நாட்டிலேயே தண்ணீர் குடித்துத் தெம்பாக இருப்பவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான் என்று, வண்டி தள்ளும் வேலையை அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆறு மணிக்கு முப்பது பேர் வந்தார்கள். பேச்சிமுத்து இடது பக்கம் நின்று தள்ளினான்.