அறுபத்தெட்டு டெசிபல் அமைதி

டயரைப் பற்றி இதுவரை ஒரு நல்ல கவிதை வரவில்லை என்றால் அது டயரின் குற்றமல்ல. கறுப்பு. வட்டம். ஓயாத பயணம். தேயத் தேய உழைப்பு. பாடப்படுவதற்கு ஒரு பொருளுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஆனால் ஒரு மனிதன் கவிதைக்காக டயர் வாங்கினால் மட்டும் குடும்பமே கூடிச் சிரிக்கிறது. அந்த மனிதன் நான். என் பக்கத்து நியாயத்தை இங்கே எழுதிவைக்கிறேன். மன்னிப்புக் கேட்பதாக யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம்.

ஜெர்மனியில் காருக்கு இரண்டு சோடிச் செருப்பு. ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர், பிறகு கோடை டயர். அந்த வருடம் என் கோடை டயர்கள் தேய்ந்து என் தலையைப் போலவே ஆகியிருந்தன. டோர்ட்முண்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டயர் கடையில் முன்கூட்டியே நேரம் குறித்து, அதாவது டெர்மின் எடுத்துக்கொண்டு போனேன். கூடவே மகள் அபி. இங்கேயே பிறந்தவள். எதையும் முழுதாக வாசித்துவிட்டே கையொப்பம் வைப்பாள். (தாயின் பக்கத்துக் குணம்.)

ஒவ்வொரு டயரிலும் ஒரு ஸ்டிக்கர், அதில் மூன்று படங்கள். பெட்ரோல் பம்ப் படத்தின் கீழே A முதல் E வரை: எரிபொருளை எவ்வளவு மிச்சம் பிடிக்கும். மழைமுகில் படத்தின் கீழே மறுபடியும் A முதல் E வரை: நனைந்த தெருவில் பிரேக் பிடித்தால் எவ்வளவு கெதியாக நிற்கும். A என்றால் வகுப்பில் முதல் பிள்ளை, E என்றால் கடைசி வாங்கு. மூன்றாவது படம் சத்தத்துக்கு. அதில் டெசிபல்.

எனக்கு மூன்றாவது படம் மட்டுமே கண்ணில் பட்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனதுக்குள் கவிதை கட்டுகிறவன். பழைய டயர்கள் அரவை மில் போல இரைந்து எத்தனையோ நல்ல வரிகளைத் தின்றுவிட்டன. இப்போது தட்டின் மூலையில் ஒன்று, அறுபத்தெட்டு டெசிபல். அந்தக் கடையிலேயே மிகக் குறைவு. பெட்ரோலுக்கு A. மழைக்கு E. அதன் முகத்தில் யாரோ கூரிய பென்சிலால் கீறிவிட்டது போல மெல்லிய கோடுகள். பக்கத்தில் இருந்த டயரைச் சுற்றி அகன்ற வாய்க்கால்கள் ஓடின. அழகே இல்லை.

"அந்த வாய்க்கால்தான் தண்ணியை வெளியில தள்ளுமாம். இல்லாட்டி டயர் தண்ணிக்கு மேல மிதக்குமாம்" என்று கடைக்காரர் சொன்னதை அபி எனக்குத் தமிழில் சொன்னாள். (எனக்கும் ஜெர்மன் தெரியும். அவள் நம்புவதில்லை.) "அப்பா, நீங்கள் தூக்கி வைச்சிருக்கிறது மழைக்கு E."

"இது என்ன டயர்?"

"கோடை டயர்."

"கோடையில எங்க பிள்ளை மழை?"

அபி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கள் எந்த நாட்டில இருக்கிறியள்?"

நியாயமான கேள்விதான். இந்த நாட்டு ஜூன் மழையில் முப்பது வருடமாகக் குடை பிடித்தவன் நான். ஆனாலும் கோடை என்ற சொல்லைக் கேட்டதும் மண்டைக்குள் யாழ்ப்பாணத்து வெயில் எரிகிறது. அதற்கு விசா தேவையில்லை.

"இன்னொண்டு" என்றாள் அபி. "அந்த டெசிபல் காருக்குள்ள கேக்கிற சத்தம் இல்லை. வெளியில, ரோட்டுக்கரையில நிக்கிற ஆளுக்குக் கேக்கிறது."

ஒரு கணம் தடுமாறினேன். ஒரே ஒரு கணம்தான்.

"நல்லதாப் போச்சு. ஊருக்கும் அமைதி வேணும்தானே" என்று சொல்லி நாலு டயரையும் வாங்கினேன்.

இரண்டு கிழமை வெயில். கார் வழுக்கிக்கொண்டு போனது; வெண்ணெயில் கத்தி. காருக்குள் அமைதி கூடியிருந்ததா என்று கேட்டால், கூடியிருந்தது. கேட்கத் தெரிந்தவனுக்கு.

பிறகு புவனா அக்கா வந்தார்.

அபி விரும்பும் பொடியனின் தாய். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரெயினில் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். கலியாணத்துக்கு அவர் இன்னும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் அவருக்குப் பாற்குட நேர்த்தி. எல்லோரும் கோயிலடியில் குடத்தை நிரப்புவார்கள். அக்கா எங்கள் குசினியில் வைத்தே நிரப்பி, வாயை மஞ்சள் துணியால் கட்டினார்.

"வீட்டிலயிருந்து நிரப்பிக்கொண்டு வாறதெண்டு நேர்ந்தனான், தம்பி" என்றார். "வழியில ஒரு துளி சிந்தாட்டி இந்தக் கலியாணத்துக்கு அம்பாள் சம்மதம். சிந்திச்சுதெண்டால், குறை நினைக்கப்படாது, நாங்கள் வேற இடம் பாப்பம்."

அபியின் முகம் வெளுத்தது. என் மனைவி வதனி என்னைத் தனியாக இழுத்தாள். "மெதுவா ஓடுங்கோ. கவிதை கிவிதை எண்டு யோசிச்சியளோ, தெரியும்தானே."

அக்கா முன் சீட்டில். பட்டுச்சேலை. மடியில் குடம். பின்னால் வதனியும் அபியும். கொஞ்சத் தூரம் போனதும் அக்கா சொன்னார்: "தம்பி, உங்கட காரில சத்தமே இல்லையே!"

நான் கண்ணாடியில் அபியைப் பார்த்தேன். வாழ்க்கையில் சில வெற்றிகள் உண்டு, அவற்றுக்கு ஆயுள் குறைவு. அந்த நொடியில் வானம் உடைந்தது. ஜெர்மன் கோடை, வாளி வாளியாக.

ஆட்டோபான் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். மெதுவாகத்தான் வந்தேன். (இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.) தூரத்தில் விளக்கு மஞ்சளானது. பிரேக்கை மிதித்தேன். பிரேக் படபடவென்று என் பாதத்தைத் திருப்பி மிதித்தது. விளக்கு சிவந்தது. கார் நிற்கவில்லை. கோபம் இல்லை, அவசரம் இல்லை, ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லை. நதியில் விட்ட காகிதக் கப்பல் போலப் போய்க்கொண்டே இருந்தது.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள் வதனி.

"நிப்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறன்!"

வெள்ளைக் கோடு கடந்தது. நடைபாதைக் கோடுகளும் கடந்தன. பளிச்! சிவப்பில் கடப்பவரைப் பிடிக்கும் பிளிட்சர் கமரா ஒரு படம் எடுத்தது. பளிச்! ஆசை தீராமல் இன்னொன்று. பிறகு சந்தியின் நட்டநடுவில், அம்பாள் சன்னிதிக்கு வந்துவிட்டது போல, கார் நின்றது. குறுக்கே வந்த லொறிக்காரர் நல்ல வேளையாக எங்களுக்கு முன்பே நின்றிருந்தார். (அவருடைய டயர் எந்த எழுத்தோ.) இரண்டு கைகளையும் விரித்து வானத்தைப் பார்த்தார்.

காருக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அறுபத்தெட்டெல்லாம் எந்த மூலைக்கு!

புவனா அக்கா மஞ்சள் துணியை ஒரு விரலால் விலக்கினார். குடத்தைப் பார்த்தார். சேலையைத் தடவிப் பார்த்தார். மறுபடி குடத்தைப் பார்த்தார்.

"சிந்தேல்லை" என்றார்.

பின் சீட்டில் அபி விசித்து அழத் தொடங்கினாள். லொறி ஹோர்ன் அடித்தது. எனக்கு அது நாதஸ்வரமாகவே கேட்டது.

"எனக்குச் சம்மதம், தம்பி" என்றார் அக்கா. "ஆனால் திரும்பேக்க நான் ரெயினில போறன்."

அதற்குப் பிறகு நடந்தவை சுருக்கமாக. ஒரு மாதம் என் லைசென்ஸ் அரசாங்கத்திடம் ஓய்வெடுத்தது. அபி அதே கடைக்குப் போய் மழைக்கு A வாங்கிப் பூட்டினாள், அகன்ற வாய்க்கால் வைத்த டயர். சரி, பூட்டட்டும். லொறிக்காரரின் விரித்த கைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன, அதனால் அந்த டயரில்தான் ஓடுகிறேன். ஆனால் வாதத்தை விடவில்லை. அன்றைக்கு A டயர் என்றால் கார் கோட்டில் சடக்கென்று நின்றிருக்கும், பால் கண்ணாடியில் போய் அடித்திருக்கும், கலியாணம் அங்கேயே முடிந்திருக்கும். அது அப்படியல்ல, A டயர் என்றால் ஆறுதலாக நிற்க இடமிருந்திருக்கும் என்று மருமகன் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். அவன் எஞ்சினியர். கணக்குப் போடத்தான் செய்வான். மாமனுக்கு நன்றி சொல்லவும் படித்திருக்கலாம்.

அந்தப் பிளிட்சர் படம் இப்போது ஸ்டுட்கார்ட்டில் சம்பந்தி வீட்டு ஹோலில், கலியாணப் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வாய் பிளந்தபடி நான். பக்கத்து சீட்டில் இருப்பவரை இந்த நாட்டுச் சட்டப்படி கறுப்புச் சதுரத்தால் மறைத்திருக்கிறார்கள். சதுரத்துக்குக் கீழே குடத்தின் விளிம்பு மட்டும் மின்னுகிறது. வருகிறவர்களிடம் புவனா அக்கா காட்டுவார்: "எங்கட கலியாணப் பேச்சுக்கால் முடிஞ்ச இடம். அந்தக் கறுப்பு நான்தான்."

என் வசனம் மட்டும் சொத்துப் போலக் குடும்பத்தில் எல்லோருக்கும் பங்காகிவிட்டது. மருமகனைச் சிகரெட்டை விடச் சொன்னால், "நிப்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறன்." அபியின் மகளிடம் போனை வைக்கச் சொன்னால் அதே பதில், அதே ராகம், சிரிக்காத முகம்.

போன கிழமை நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது வதனி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இந்தக் கவிதை எழுதுறதை எப்பதான் நிப்பாட்டப் போறியள்?"

வெளியே மழை. நான் தலை நிமிரவில்லை.

"நிப்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறன்."