தாரிணிக்குப் பணி ஓய்வு விழா

அரசு அலுவலகத்தில் மாதக் கடைசி என்றால் யாராவது ஒருவர் ஓய்வு பெற வேண்டும். இது விதி அல்ல, விதியைவிடக் கெட்டியான பழக்கம். சித்தூரில் எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், புளியோதரை, லட்டு. ஓய்வு பெறுகிறவர் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் உத்தமர் ஆகிவிடுவார்.

நான் திருவேங்கடம், சீனியர் அசிஸ்டென்ட், வயது ஐம்பத்திரண்டு. நில அளவை மனுக்கள் என் மேஜைக்கு வரும். வந்தால் இருக்கும். வெளியில் சொல்ல வெட்கமான தகுதி ஒன்றும் எனக்கு உண்டு: 'தாரிணி துப்பறிகிறாள்' வரிசையின் பரம ரசிகன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட கொலைக் கதைகள், மொத்தம் பதினொரு பாகம். முதல் பாகத்தில் தாரிணிக்குப் பதினேழு வயது. பதினோராம் பாகத்திலும் பதினேழுதான். எங்கள் அலுவலகத்து மனுக்களுக்கும் வயதே ஆவதில்லை என்பதால் எனக்கு அதில் சந்தேகம் வந்தது கிடையாது.

முதல் பாகம் என் மகள் நீரஜா ஏழாவது படிக்கும்போது நான் அவளுக்கு வாங்கித் தந்தது. அவள் சத்தமாகப் படிப்பாள், கொலைகாரன் யார் என்று நான் சொல்ல வேண்டும். தோட்டக்காரன் என்பேன், கடன்காரன் என்பேன், கண்ணாடி போட்ட வாத்தியார் என்பேன். கடைசியில் பார்த்தால் தாரிணியின் கூடவே நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நல்ல மனிதனாக இருப்பான். அடுத்த பாகத்திலும் அதே கதைதான், நானும் அதே மாதிரி ஏமாறுவேன். "நைனா, நீ போலீஸ்ல சேராதது ஜனங்களுக்கு நல்லதாப் போச்சு" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சில தடவை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

பதினோராம் பாகமே கடைசி என்று பதிப்பாளர் அறிவித்தார். 'விடைகொடு வாரம்' என்று ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் புத்தகம் வாங்கி, அழுதபடி வீடியோ எடுத்துப் போட வேண்டுமாம். நான் சொந்த அலுவல் என்று ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். கடை வாசலில் வரிசையில் நின்றவர்களில் மீசை நரைத்தவன் நான் ஒருவன்தான். முன்னால் நின்ற பெண் போனைப் பார்த்து அப்படி அழுதது.

"எந்தப் பாகம் உனக்குப் பிடிக்கும்மா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"படிச்சதில்ல அங்கிள். யாராவது வீடியோல கதை சொல்லுவாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நீரஜா திருப்பதியிலேயே அலிபிரி பக்கம் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். கடைசிப் பாகத்தை அவளோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஹாஸ்டலுக்குப் போய்ப் புத்தகத்தை நீட்டினேன்.

"நைனா! இன்னுமா நீ இதப் படிச்சிக்கினு கீற? சின்னப் பசங்க படிக்கறது." சுற்றும் முற்றும் பார்த்தாள். தோழிகள் வந்தார்கள். "எங்க நைனா. ஆபீஸ் வேலையா திருப்பதி வந்தாரு."

நானும் ஆபீஸ் வேலை மாதிரியே தலையை ஆட்டிவிட்டு வந்தேன். புத்தகத்தை மறுநாள் அலுவலகத்தில், மேஜை டிராயரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தனியாகப் படித்து முடித்தேன். அதிலும் கொலைகாரனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பாகச் சொன்னதற்குச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மாதக் கடைசி, ஆதிகேசவன் ஓய்வு பெறும் நாள். திங்கட்கிழமை மனு நாளும்கூட. ஆகவே பாலசமுத்திரத்திலிருந்து செங்கல்வராயன் வழக்கம்போல் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிலத்தை அளந்து கல் நட்டுத் தரச் சொல்லி மூன்று வருஷத்துக்கு முன் மனு கொடுத்தவர். மேற்படி மனுவின் ஃபைல் அலுவலகத்துக்குள்ளேயே எங்கோ போய்விட்டது. பக்கத்து நிலத்துக்காரன் இதற்குள் வரப்பை இரண்டு முழம் இந்தப் பக்கம் தள்ளிவிட்டான். நான் அவரை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. "கவலப்படாதீங்க, அடுத்த வாரம் வாங்க, பாத்துக்கலாம்" என்றுதான் சொல்லி அனுப்புவேன்.

அன்று காலையில் ஒரு நிர்வாகச் சிக்கல் எழுந்தது. சர்வீஸ் ரிஜிஸ்டரின்படி ஆதிகேசவன் ஒரு வருஷம் இளையவர் என்று தெரியவந்தது. அவருக்கே அப்போதுதான் தெரியும். லட்டு வந்து இறங்கிவிட்டது. ஓய்வு பெற ஆள் இல்லை. அதிகாரி கோபிகிருஷ்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஏமய்யா திருவேங்கடம், கண்ணு ஏன் செவந்து கீது?"

மறைக்கத் தெம்பில்லை. "தாரிணி முடிஞ்சிட்டா சார். இத்தன வருஷம் கூட இருந்தவ," என்று விவரம் சொன்னேன்.

"முடிஞ்சிட்டதா? இனிமே வேலைக்கு வராதா?"

"வராது சார்."

"அப்ப ரிடையர்மென்ட்தானே அது! வயசு?"

"பதினேழு சார்."

கொஞ்சம் யோசித்தார். "பர்வாலேது, பரவால்ல. வி.ஆர்.எஸ். போட்டுக்கலாம். கையில எத்தன கேஸு?"

"பதினொண்ணு. பதினொண்ணையும் முடிச்சிட்டா."

"ஒண்ணுகூட பெண்டிங் இல்லியா?" அதிகாரி திகைத்துப்போனார். "நம்ம ஆபீஸ்ல இப்படி ஒருத்தருக்கு ஃபங்க்ஷன் நடந்ததே கெடயாதேய்யா!"

உரிய நடவடிக்கைகள் உடனடியாக மேற்கொள்ளப்பட்டன. ஃப்ளெக்ஸில் ஆதிகேசவன் முகத்தின்மேல் புத்தக அட்டை ஒட்டப்பட்டது. மீசையின் இரண்டு நுனியும் தாரிணியின் கன்னத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என் டிராயரிலிருந்த பதினொரு பாகங்களையும் எடுத்து நாற்காலியில் அடுக்கி மாலை போட்டார்கள். சால்வையை மட்டும் புத்தகத்துக்குப் போர்த்தினால் வழுக்குகிறது என்று ஆதிகேசவனுக்கே போர்த்தினார்கள்.

எல்லாரும் பேசினார்கள். பேச்சு ஏற்கெனவே தயாராக இருந்ததால் பெயரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. தாரிணி நேரத்துக்கு வருவார், எல்லாரிடமும் சகஜமாகப் பழகுவார், மேலதிகாரிகளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, இனிப் பேரன் பேத்திகளோடு நிம்மதியாகக் காலம் கழிக்க ஏழுமலையான் அருள வேண்டும் என்றார்கள். யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. ஏற்புரையை ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆதிகேசவன், தாரிணியின் சார்பில் அதை நிகழ்த்தி நிஜமாகவே தேம்பினார்.

கடைசியாக என்னை அழைத்தார்கள். "காணாமப் போனது எதுவா இருந்தாலும் தாரிணி கண்டுபிடிச்சிக் குடுத்துடுவா. கொழந்தையோ, நகையோ, உயிலோ, எதுவானாலும்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. என் வீட்டில் காணாமல் போனது ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணின் சிரிப்பு. அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? அழுதுவிட்டேன். நல்ல கைதட்டல் கிடைத்தது.

அப்போது கடைசி வரிசையில், கையில் பாதி லட்டோடு, செங்கல்வராயன் எழுந்தார்.

"சார், ஒரு மனவி, விண்ணப்பம். அந்தப் பாப்பா போறதுக்கு முன்ன என் ஃபைல ஒண்ணு தேடிக் குடுத்துட்டுப் போவச் சொல்லுங்க சார். மூணு வருசமா இந்த ஆபீசுக்குள்ளயே காணாமப் போய்க்கினு கீது."

அதிகாரி என்னைப் பார்த்தார், சம்பந்தப்பட்ட எழுத்தர் நான்தானே. முப்பது வருஷப் பழக்கம், யோசிக்காமலே வாய் பேசியது.

"அவங்க இப்பதானே ரிடையர் ஆனாங்க பெரியவரே. அவங்க எடத்துக்கு ஆள் வரட்டும்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. செங்கல்வராயன் ஆச்சரியப்படவே இல்லை. மாலை போட்ட நாற்காலியை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஆள் வர்ற வரைக்கும் நானே தேடிக்கிறேன் சார். எப்படித் தேடறதுன்னு இதுல போட்டு கீதில்ல? மொத புஸ்தகம் குடுங்க, படிச்சிட்டுத் தந்துடறேன்."

கொடுத்தேன். கொடுக்க மனம் வரவில்லை, ஆனால் அத்தனை பேர் முன்னால் மறுக்கவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், என் தாரிணியைக் கேட்டு வாங்கிப் படிக்க ஒருவர் இருக்கிறார் என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நேராக என் மேஜைக்கு வந்தார். புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"கண்டுபுடிச்சிட்டேன் சார்."

பேனாவை மூடி வைத்தேன். "ஃபைலையா?"

"இல்ல சார், ஆள. பாதி புஸ்தகம் வர்றதுக்குள்ளயே தெரிஞ்சிபோச்சு. பறிகுடுத்தவங்ககிட்ட கோவமே படாம, தன்மையாப் பேசிப் பேசி அனுப்பிக்கினே கீறானே ஒருத்தன். அவன்தான்."

"எனக்குக் கடைசிப் பக்கம் வரைக்கும் தெரியலியே!" என்றேன், உண்மையான வியப்போடு.

"ஒங்களுக்குத் தெரியாது சார்," என்றார், மரியாதை கொஞ்சமும் குறையாமல். "ரெண்டாவது புஸ்தகம் குடுங்க. என் ஃபைலு ஏதாச்சும் கெடச்சுதா?"

அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். தோளில் கை வைத்தேன்.

"கவலப்படாதீங்க பெரியவரே," என்றேன். "அடுத்த வாரம் வாங்க, பாத்துக்கலாம்."