பதினேழாவது விடைத்தாள்

பதினேழாவது விடைத்தாளில், செல் சவ்வின் படத்துக்கு நேர் மேலே, ஓர் எண்ணெய்ப் பொட்டு இருந்தது. டீச்சர் போட்டிருந்த சிவப்புச் சரிக்குறி அந்த இடத்தில் மட்டும் விட்டுவிட்டு விழுந்திருந்தது. நில அளவையர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பொட்டு வழியாக சன்னல் கம்பி தெரிந்தது. பழக்க தோஷம், அளவுகோலை வைத்து அளந்தும் பார்த்தார். குறுக்களவு மூன்று சென்டிமீட்டர்.

டீச்சர் வேறு யாருமல்ல, அவர் மனைவிதான். நாளைக் காலை இந்தக் கட்டு தலைமைத் தேர்வாளரிடம் போக வேண்டும். தாளில் கறை இருந்தால் திருத்தியவர் விளக்கம் எழுத வேண்டும், தேர்வு எழுதிய பெண்ணின் மதிப்பெண்ணும் நிறுத்தி வைக்கப்படும். அளவையரின் கால்சட்டைப் பையிலோ பாதி காலியான ஒரு பொட்டலம் இருந்தது. அதைப் பிரிக்க மேசையில் இடம் ஒதுக்கும்போதுதான் கட்டு சரிந்து விழுந்தது. பொறுக்கி அடுக்கியது எண்ணெய்க் கை.

அவர் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டதென்று மருத்துவர் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. அன்றே டீச்சர் சட்டம் போட்டுவிட்டார். "இனிமே இந்த வீட்ல பொரிச்சது கிடையாது. உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான்."

சொன்னதோடு விட்டாரா? தினமும் சாயங்காலம் கணவரின் விரல்களைப் பழுப்புக் காகிதத்தில் தேய்த்து, விளக்கில் காட்டிப் பார்ப்பார். கொழுப்பு பட்டிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். அளவையர் அலுவலகத்திலேயே பாத்திரச் சோப்பால் மூன்று முறை கை கழுவிவிட்டு வந்து, ஆறு வாரமும் தேறியிருந்தார். இன்று டீச்சருக்குக் கூட்டம், ஆறு மணிக்குத்தான் வருவார். அந்தத் தைரியத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டதுதான் வினையாகிவிட்டது.

முதலில் முகப்பவுடரைத் தூவித் துடைத்தார். தாள் மணத்தது. பொட்டு அசையவில்லை.

அடுத்து இஸ்திரிப் பெட்டி. சூடு காட்டினால் எண்ணெய் கிளம்பிவிடும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். கிளம்பத்தான் செய்தது, ஆனால் கீழ்நோக்கி. தாளைக் கட்டிலிருந்து உருவாமலே தேய்த்திருந்ததால் பதினெட்டு, பத்தொன்பது, இருபது வரை இறங்கியது. குறுக்களவு ஏழு.

சலவைக் கடை வைத்திருக்கும் சகலைக்குப் போன் போட்டார்.

"சகல, எண்ணெக் கறை பட்டா என்ன பண்ணுவீங்க?"

"என்ன துணி?"

"மெல்லிசு. வெள்ளை. கோடு போட்டது."

"சட்டையா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"ஆல்கஹால்ல பஞ்ச நனைச்சு ஒத்தி எடுங்க. எண்ணெ கரைஞ்சு வந்துடும்."

டீச்சரின் அலமாரியில் சோதனைக்கான ஆல்கஹால் புட்டி இருந்தது. எண்ணெயைக் கரைத்தது. நீல மையையும் கரைத்தது. சவ்வின் மூலக்கூறுகளைத் தலைகள் வெளியே, வால்கள் உள்ளே என்று இரண்டு வரிசையாக அந்தப் பெண் வரைந்திருந்த அழகான படம் குளமாயிற்று. பஞ்சைப் பிழிய இடமில்லாமல் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரில் பிழிந்தார். தண்ணீர் வெள்ளை வெளேரென்று கலங்கியது.

கதவு திறந்தது.

"என்னங்க இது டம்ளர்ல?"

"பால்."

"ஆல்கஹால் வாசனை அடிக்குது."

"திரிஞ்ச பால்."

டீச்சர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தார். "எண்ணெய ஆல்கஹால்ல கரைச்சுத் தண்ணில ஊத்தினா இப்படித்தான் வெளுக்கும். வருஷா வருஷம் நான் நடத்தற சோதனை இது. யார் வாய்க்குப் போன எண்ணெங்க?"

அளவையர் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"நாந்தான். இன்னிக்கு மட்டும் இல்ல. ஆறு வாரமா."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்கள நம்பினேனே! செல் சவ்வு மாதிரியே இருக்கீங்க. வெளிய பாத்தா தலையெல்லாம் தண்ணிக்கு நல்ல பிள்ளை. எண்ணெ தேடற வால உள்ள மறைச்சு வெச்சுக்கிட்டு!"

"அதுல ரெண்டு வரிசைல்ல இருக்கு?" அளவையர் சந்தேகம்தான் கேட்டார்.

"பேச்ச மாத்தாதீங்க."

"என்னை என்ன வேணா சொல்லு. அந்தப் பொண்ணு மார்க் போயிடக் கூடாது. நாளைக்கு நானே வந்து தலைமைத் தேர்வாளர்கிட்ட சொல்லிடறேன்." அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"முதல்ல எந்தத் தாள்ல பட்டுது?"

"பதினேழுல."

டீச்சர் பதினேழை எடுத்து வெகுநேரம் பார்த்தார். குரல் இறங்கியது.

"நேர்ல எல்லாம் வர வேணாம். எழுதிக் குடுங்க, போதும். அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்கும் ஒண்ணும் ஆகாது. பதினேழுல பட்ட எண்ணெய்க்கு நீங்க மட்டும்தான் பொறுப்புன்னு தெளிவா எழுதுங்க."

அவருடைய பெருந்தன்மையில் அளவையருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நேரம், குறுக்களவு, எண்ணெய் இறங்கிய ஆழம் எல்லாம் குறித்துக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அழைப்பு மணி அடித்தது. பள்ளிக்கூட வாசலில் பொரித்த பண்டக் கடை வைத்திருப்பவர் நின்றிருந்தார். கையில் டீச்சரின் குடை.

"தினம் மாதிரி கடையிலயே நின்னு சாப்பிட்டிருந்தா மறந்திருக்காது டீச்சர், நேத்து பேப்பர் திருத்திக்கிட்டே சாப்பிடணும்னு பொட்டலம் கட்டிக்கிட்டுக் கிளம்பின அவசரத்துலதான் இத விட்டுட்டீங்க."