உடுக்கைக்கு வந்த லிங்காலா

மரக்காணம்
12-6-1976

அன்புள்ள தம்பி அர்ச்சுனனுக்கு, அண்ணன் தட்சணாமூர்த்தி எழுதுவது. இங்கே வெயில், உப்பு, உன் அண்ணியின் வாய் மூன்றும் சௌக்கியம். ஆப்பிரிக்காவில், அந்தக் கின்ஷாசாவில் நீ உயிரோடு இருக்கிறாயா என்பதை மறுதபாலில் தெரிவிக்கவும்.

எட்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆற்றுக் கப்பல் பட்டறையில் வேலை, சந்தையிலும் படகிலும் லிங்காலா பாஷைதான், பெண்களை மரியாதையாக 'மாமா' என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதினாயே, அதுதான் கடைசி. சரி, நம்ம வழக்கப்படி கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று போன வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் பூசாரி சுப்ராயனை உப்பளத்து வரப்பில் உட்காரவைத்து உடுக்கை அடித்தோம். செத்திருந்தால் உறவுக்காரர் மேல் வந்து பேசுவாய், பிழைத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதானே. உன் பெண்டாட்டி பொன்னி மேல் வந்துவிட்டது. ஆனால் தமிழ் இல்லைடா. "போபெங்கா யே தே" என்று திரும்பத் திரும்ப, யாரோ ஒரு பொம்பளைக் குரல். சுப்ராயன் மிரண்டுபோய், "ஏம்பா, நம்ம சாமிக்கே புரியல, நான் இன்னா பண்றது?" என்று இன்னும் வேகமாக அடித்தான். பொன்னியின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பே இல்லை.

மறுநாள் அடித்தபோதும் அதே பேச்சு. ஆரோவில்லில் தோட்ட வேலை செய்கிற நம்ம அமராவதி, நீ இருக்கிற கின்ஷாசாப் பக்கம் பத்து வருஷம் இருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவைக் கூட்டிவந்தாள். ஏற்கெனவே வெள்ளை, மறுபடி உடுக்கை அடித்துப் பொன்னி பேசியதைக் கேட்டுவிட்டு இன்னும் வெளுத்துப்போனார். அவர் சொன்னதை அமராவதி எங்களுக்குச் சொன்னாள்: "லிங்காலாதானாம். 'அவரைக் கூப்பிடாதீங்க, ஜுரத்துல கெடக்குறாரு, நான்தான் தண்ணி குடுக்குறேன். நீங்க கூப்புடுறப்பல்லாம் எழுந்து ஆத்துக்குள்ள நடக்குறாரு'ன்னு சொல்லுதாம்."

உயிரோடு இருக்கிறவனைச் செத்தவனாக நினைத்துக் கூப்பிட்டுவிட்டோமே என்று ஒரு பக்கம் தலையில் அடித்துக்கொள்கிறேன், யாருடா அந்தப் பொம்பளை என்று இன்னொரு பக்கம் ஆத்திரமாக வருகிறது. பொன்னிதான், "யாரா இருந்தா இன்னாங்க, தண்ணி குடுக்குறாளே. மொதல்ல உடுக்கைய நிறுத்தச் சொல்லுங்க" என்று அழுதாள்.

உடுக்கையைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டேன். இனி யாரும் உன்னைக் கூப்பிடமாட்டார்கள். அந்த மாமா சொல்படி கேட்டுப் படுத்த இடத்திலேயே கிட. எல்லையம்மன் உன்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டாவது காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் தட்சணாமூர்த்தி

பின்குறிப்பு: பூட்டுவதற்குள் ஏழு தடவை அடித்திருந்தோம், ஏழு தடவையும் நீ எழுந்து ஆற்றில் இறங்கி நடந்திருக்கிறாய் போல. இன்று காலை கடல் பக்கமிருந்து உப்புப் பாத்திகளின் மேல் ஈரக் காலடி நம் வீடு வரைக்கும் வந்திருக்கிறது, திரும்பிப் போன அடையாளம் இல்லை. அடுப்பங்கரைக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. பொன்னி லிங்காலாவில் பேசுகிறாள், உன் குரல் பதில் சொல்கிறது. அதனால் தபால்தலை ஒட்டவில்லை. கதவிடுக்கில் செருகுகிறேன். படித்துவிட்டு, உயிரோடு இருக்கிறாயா என்று அங்கிருந்தே சொல்லிவிடு.