ஓயாயோவின் அமெரிக்க வைத்தியம்

அமெரிக்காவில் ஓஹையோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஒருவருக்குப் பல் வலித்தால் என்ன செலவாகும், அதில் இன்சூரன்ஸ்காரன் எவ்வளவு தருவான், என்ன காரணம் சொல்லித் தராமல் நழுவுவான் என்பதையெல்லாம் அந்த மாநிலத்து கவர்னரைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்த ஒரு மனிதர் எங்கள் நெமிலிச்சேரியில் இருந்தார். அவர் ஓஹையோவைப் பார்த்ததே இல்லை. விமானத்தைக்கூடத் தலைக்கு மேலே போகும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், ஓஹையோவில் கம்ப்யூட்டர் வேலை. பேரன் பிறந்ததிலிருந்து விசாவில் ஏதோ சிக்கல், அவர்களால் ஊருக்கு வர முடியவில்லை. ஆக, அத்தனை பெரிய வீட்டில் அவரும் ஒரு ஸ்டீல் பீரோவும்தான். பீரோ பதில் பேசாது என்பதால் அவர் வீடு தங்கவே மாட்டார். தெருவில் யார் அகப்பட்டாலும் ஓஹையோதான்.

பெயர் வைத்தது பஞ்சர் கடை தாஸ். "அந்த ஊரு பேரு இன்னா, ஓயாயோவா? கரீட்டாத்தான் கீது. இவரும்தான் ஓயமாட்றாரே!" அன்றிலிருந்து அவர் ஓயாயோ. கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர்கூட "ஓயாயோ ஊடு எது?" என்று கேட்டுத்தான் போவார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தேன். தெருவுக்கே நான் பூத்துக்கார அம்மா. பக்கத்தில் தாஸின் பஞ்சர் கடை. எதிரே எல்லம்மாவின் மீன் கூடை. நகர முடியாத பிழைப்பு எங்கள் மூவருக்கும். அதனால் ஓயாயோவிடமிருந்து தப்பிக்க வழியே இல்லை.

ஒருநாள் தாஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன வே, தலவலியா?"

"ஆமா சார். ஒரு டீ அட்ச்சா சரியாப்பூடும்."

"இங்க டீயோட போச்சு. ஓஹையோல டாக்டரைப் பாக்கணும்னா வாசல்லயே கோ-பே கட்டணும், தெரியுமா?"

"கோவமா? தலவலின்னு போனா அவன் எதுக்கு சார் கோவப்படுறான்?"

"கோவம் இல்ல வே, கோ-பே! இன்சூரன்ஸ்காரன் அவன் பங்கைக் குடுப்பான், நீரு உம்ம பங்கைக் கட்டணும்."

"அப்போ எனக்குத்தான் சார் கோவம் வரணும்."

ஓயாயோ விடவில்லை. கோ-பேயிலிருந்து பிரீமியத்துக்குப் போனார். அங்கிருந்து ஆம்புலன்ஸ் சார்ஜுக்குப் போனார். தாஸுக்கு இருந்த தலைவலி இரண்டாகிவிட்டது. அன்று பஞ்சர் ஒட்டக் கொடுத்த சைக்கிளை அதன் சொந்தக்காரர் உருட்டிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மகனுடன் பேசும் நேரம். கண்ணாடிக் கதவைப் பத்திரமாகச் சாத்திக்கொண்டு, அடுத்த ஸ்டேஷனான பட்டாபிராம் வரை கேட்கிற மாதிரி பேசுவார். இந்தக் குரலுக்குப் போன் எதற்கு என்று எல்லம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. "ஏலே, பேரனுக்குக் காதுவலி எப்படி இருக்கு? கவர் ஆச்சா?" சளி, பேதி, மருமகளின் முதுகுவலி, எதுவானாலும் அடுத்த கேள்வி "கவர் ஆச்சா?"தான், அதாவது இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுத்தானா. வெளியே வந்ததும் வரிசையில் நிற்பவர்களுக்குச் செய்தி வாசித்துவிட்டுத்தான் போவார். அந்தக் குடும்பத்தின் முகம் எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் காது, தொண்டை, வயிறு எல்லாம் தெரியும்.

ஒரு பனிக்காலத்தில் மகன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். ஓயாயோ கதவைத் திறந்துவைத்துக்கொண்டே அலறினார். வரிசை மொத்தமும் வைத்தியத்தில் இறங்கியது. "புத்தூர் கட்டு போடச் சொல்லு சார்" என்றான் தாஸ். எல்லம்மா மீன் கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடிக்கச் சொல்லு சார். எலும்பு கப்புனு புட்ச்சிக்கும்."

"ஏலே, எல்லம்மா ஆட்டுக்கால் சூப்பு குடிக்கச் சொல்லுது!"

அந்தப் பக்கம் என்ன கேட்டானோ, ஓயாயோ ஆச்சரியப்பட்டுப் போனார். "எல்லம்மா யாருன்னா கேக்க? நம்ம எல்லம்மாலே!" என்றார். வெளியே வந்தபோது கொஞ்சம் வாட்டமாக இருந்தார். இங்கே இருப்பவர்களை மகனுக்குத் தெரியாது என்பது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை போலும்.

அடுத்த வருஷம் அந்தச் செய்தி வந்தது. மருமகள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். பிரசவ சமயத்தில் அப்பா வந்து ஆறு மாதம் தங்க வேண்டும். அன்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஓயாயோ டீ வாங்கிக் கொடுத்தார். பேரனைத் தூக்கப்போகிறேன், பிறக்கப்போவதையும் தூக்கப்போகிறேன் என்று இரண்டு கைகளையும் ஏந்திக் காட்டினார். மகன் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தான். "இங்க வந்து உடம்புக்கு முடியாமப் போனா நமக்குத் தாங்காதுப்பா. எதா இருந்தாலும் அங்கேயே பாத்துட்டு வந்திருங்க."

அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். உடம்பில் ஒரு வியாதியைக்கூட மிச்சம் வைக்காமல் ஆவடியிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போவது என்று முடிவு செய்தார். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தது. காலில் இருந்த ஆணி போனது. காதைச் சுத்தம் செய்துகொண்டார். கடைசியில் பல் டாக்டரிடம் போனார். ஆடிக்கொண்டிருந்தது ஒன்றிரண்டுதான். மொத்தத்தையும் எடுத்துவிடச் சொன்னார்.

"மிச்சமெல்லாம் நல்ல பல்லு சார்" என்று டாக்டர் கெஞ்சியிருக்கிறார்.

"இன்னைக்கு நல்ல பல்லு. ஓஹையோல எறங்குனதும் புத்தி மாறிட்டுன்னா?"

பல்செட் வரும்வரை அவராலும் "ஓயாயோ" என்றுதான் சொல்ல முடிந்தது. தாஸுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் சார் ஊர் பேரைக் கரீட்டா சொல்றே!" அவரும் பொக்கை வாயைத் திறந்து சேர்ந்து சிரித்தார்.

எல்லாம் முடிந்தது என்று கடைசியாக ரத்தத்தையும் மறுபடி டெஸ்ட் செய்தார்கள். கண் ஆபரேஷனின்போது எல்லைக்குள் இருந்த சர்க்கரை இப்போது தாறுமாறாக இருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, ஈ.சி.ஜி.யும் எடுத்துவிட்டு, இதயமும் கொஞ்சம் பலவீனம், ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும் என்றார். இது இரண்டையும் பிடுங்கிப் போட முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகனிடம் கேட்டது தெருவுக்கே கேட்டது. "உன் இன்சூரன்ஸ்ல என்னையும் சேத்துருல!" அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஃபேக்டரியில் இருந்த காலமெல்லாம் அப்பா, அம்மா இருவருக்கும் அவர் பெயரில்தான் வைத்தியம். அப்பாவை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்கு மிதித்த கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்தவர் செய்தி வாசிக்காமல் என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன்.

"அங்க குடும்பம்னா பொண்டாட்டி, பிள்ளைதானாம்மா. அப்பன் அதுல வரமாட்டானாம்."

எல்லம்மா பொங்கிவிட்டாள். "பெத்தவன் குடும்பம் இல்லியா? அப்போ இவன் இன்னா, செம்பரம்பாக்கம் ஏரில மெதந்து வந்தானா?"

"அவனைத் திட்டாத எல்லம்மா. ஊர்ச் சட்டம், அவன் என்ன செய்வான்? எனக்குன்னு தனியா ஒரு இன்சூரன்ஸ் எடுக்கலாமாம். ஆனா சக்கரைக்கும் நெஞ்சுக்கும் தரமாட்டானாம். ப்ரீ-எக்ஸிஸ்டிங்."

"ப்ரீயாவா? அப்புறம் இன்னா சார், கெளம்ப வேண்டியதுதானே!" என்றான் தாஸ்.

"அந்த ஃப்ரீ இல்ல. முன்னாடியே இருந்ததுன்னு அர்த்தம். முன்னாடியே இருந்தது எதுவும் கவர் ஆகாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பனும் முன்னாடியே இருந்தவன்தானே" என்று சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

"அழுதான்ம்மா பய" என்றார். "வாங்கப்பா, பாத்துக்கிடலாம்னுதான் சொல்லுதான். நான் போய் அங்க நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தா அவன் வீடு வாசல் எல்லாம் போயிரும். எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவுக்கே நான்தானே சொல்லிக்குடுத்தேன்."

அடுத்த ஞாயிறு பல்செட் மாட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். குரல் பழையபடி பட்டாபிராம் வரை போனது.

"ஏலே, நான் வரல! அந்தக் குளிரு நமக்கு ஆகாது. இங்க எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. இந்தத் தெருக்காரங்க என்னைய விடமாட்டேங்காவ! ... கோவமா? ஒரு கோவமும் இல்லல. பிள்ள பெறந்ததும் அழுகச் சத்தத்தைப் போன்ல கேக்க வை, அது போதும். ... சரி, நீ வச்சிரு."

மகன் போனை வைத்துவிட்டான். என் மேஜை மேல் போன் கட்டணம் காட்டும் மீட்டர் நின்றது. ஆனால் ஓயாயோ ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது அன்று ஒருநாள்தான்.

"வரணும்னுதாம்ல இருந்துச்சு. பல்லெல்லாம் எடுத்தேம்லா... புதுப் பல்லு நல்லாத்தான் இருக்கு, நீதான் பாக்கல. பேரன் என்னைய என்னன்னு கூப்பிடுவான்ல? தாத்தான்னு சொல்லிக்குடு. வீட்டுல பேச ஆளு இல்லல எனக்கு..."

வரிசையில் முதலாவதாக நின்றவர் என் மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மீட்டரே ஓடலியே. இன்னும் எவ்ளோ நேரம் நிக்குறது?"

நான் மீட்டரை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"லைன்ல ஆள் இருக்காங்க. அவர் பேசி முடிக்கட்டும்" என்றேன்.