ரிஜெக்ட் பாயும் என் வீட்டுக் காப்பி ஜாடியும்

திண்டுக்கல்லில் ரிஜெக்ட் பாய் வேண்டாமென்று தள்ளாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. கத்தரிக்காயிலிருந்து கல்யாண மண்டபம் வரை தள்ளியிருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று முதலாளி அவர் கையில் கட்டிவிட்ட கடிகாரத்தை மேடையிலேயே காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, மைக்குக்கு முன்னால் "வேணாம்" என்று கழற்றிக் கொடுத்தவர். அவர் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தீராது என்பதும் தெரியும்.

அவருடைய இயற்பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவில் யாரும் கேட்டதில்லை. தோல் ஷாப் என்று ஊரில் சொல்கிற தோல் பதனிடும் ஆலையில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். அடுக்கி வைத்த தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கட்டை விரலால் தடவி, முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்குவார். ஆகாத தோலில் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்தால் விழுந்ததுதான்.

அந்த வேலையில் அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார், அதுவும் காலை பதினோரு மணிக்குள். இரண்டாவது, ஏன் தள்ளினார் என்று சாகும்வரை சொல்ல மாட்டார்.

"காரணம் சொன்னா, எதுத்தாப்ல நிக்கிறவன் பேச ஆரம்பிச்சிருவான் லைப்ரரி" என்பார் என்னிடம். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அவருக்கு நான் லைப்ரரி. "'இம்புட்டுக்காண்டியா பாய் வேணாங்குறீக'ம்பான். நமக்கு மனசு எளகிரும். எளகுனா தரம் போச்சு. வேணாம்னா வேணாம். அம்புட்டுதான்."

வேலை முடிந்தது. சாக்பீஸ் மட்டும் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வேகத்தடை போட்டார்கள். மறுநாள் காலை அதன்மேல் பெருக்கல் குறி. அதைப் பார்த்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள், இன்ஜினியர்தான் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, கடப்பாரை கொண்டுவந்து உடைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு நாள் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி அண்டாவில் குறி போட்டார். பந்தியில் ஒருவர்கூட உட்காரவில்லை. மாப்பிள்ளையின் மாமா கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"கறியில கோளாறா பாய்? அரிசியா? என்னான்னு சொல்லித் தொலைங்களேன்!"

"சொல்றதுக்கில்ல."

முக்கால் மணி நேரம் கழித்துப் பசி பயத்தை வென்றது. எல்லோரும் சாப்பிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் தள்ளியது பிரியாணியை அல்ல, ஈயம் தேய்ந்த அண்டாவை என்பது பாத்திரக்காரர் அதைத் திரும்ப எடுக்க வந்தபோதுதான் தெரிந்தது.

இதையெல்லாம் நானும் சிரித்துக்கொண்டே நாட்குறிப்பில் எழுதி வந்தேன். என் வீட்டுக்குள் அந்தச் சாக்பீஸ் நுழைகிற வரைக்கும்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வெகுநாளாக வயிற்றுக் கோளாறு. மதுரையில் பார்த்த டாக்டர், பால் ஒத்துக்கொள்ளவில்லை, அடியோடு நிறுத்துங்கள் என்றார். பால் நின்றதும் காப்பி நின்றது. சிக்கரி கலந்த டிகாஷனைப் பாலில்லாமல் குடித்துப் பார்த்து, "கசாயம்" என்று தொட்டியில் ஊற்றிவிட்டாள். அதன்பிறகு சீரகத் தண்ணீர்தான்.

போனது காப்பி மட்டும் என்றால் நான் இதை எழுதப்போவதில்லை. கல்யாணமான நாள்தொட்டு நானும் அவளும் உட்கார்ந்து பேசுகிற நேரம் என்றால் அது காலை ஆறரை முதல் ஏழு வரை, காப்பி டம்ளரோடு. யார் வீட்டில் என்ன, கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில் என்ன சொன்னார், என் நூலகத்தில் யார் பக்கத்தைக் கிழித்தார்கள், எல்லாம் அந்த அரை மணியில்தான். சீரகத் தண்ணீரை யாரும் உட்கார்ந்து குடிப்பதில்லை. அவள் அதை நின்றபடியே விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். என் நாட்குறிப்பில் அந்த ஆவணி மாதத்துக் காலைகள் வெற்றுத் தாள்களாக இருக்கின்றன. எழுத ஒன்றுமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் யோசனை சொன்னாள். "ஃப்ரெஞ்ச் பிரஸ் வாங்குங்கப்பா. தூளை ஊற வச்சு எறக்குறது. பால் இல்லாமலே நல்லா இருக்கும். கண்ணாடி வேணாம், அம்மா கை தவறிப் போட்டுரும். சூடும் நிக்காது. செராமிக்கா வாங்குங்க."

நான் எதையும் படிக்காமல் வாங்குகிறவன் அல்ல. ஒரு நோட்டுப் போட்டு எட்டுப் பக்கம் குறிப்பெடுத்தேன். ஜாடி கனமாக இருக்க வேண்டும், உள்பக்க மெருகில் கீறல் கூடாது, கம்பியில் கோத்த வலைத்தட்டு சுவரை ஒட்டி இறங்க வேண்டும். பிறகு கடைவீதிக்குப் போய்ப் பீங்கான் கடையில் பச்சை நிறத்தில் ஒரு ஜாடி வாங்கிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு வீடு திரும்பினேன். வாசலில் ரிஜெக்ட் பாய்.

"என்னது லைப்ரரி, ஊறுகாய் ஜாடியா?"

விளக்கினேன். அதுதான் நான் செய்த பிழை. ஜாடியை என் கையிலிருந்து வாங்கினார், எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனார், உள்ளே கையை விட்டுக் கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பெருக்கல் குறி.

"ஏன் பாய்?"

"வேணாம்."

ஸ்டெல்லா அவருக்குப் பரிந்து வந்தாள். "அண்ணே சொன்னா ஏதோ இருக்குங்க. மாத்திட்டு வாங்க." மாற்றிக்கொண்டு வந்தேன். புதன்கிழமை இரண்டாவது ஜாடியிலும் குறி விழுந்தது. கடைக்காரர் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு சார் இது, பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி? ஜாடிக்கு என்ன கொறைன்னாவது சொன்னாரா?" சொல்லவில்லை என்றேன். "அப்ப இதான் கடைசி சார். அடுத்த தடவ அவரையே கூட்டியாங்க, நான் அவரு முதுகுல குறி போட்டு அனுப்புறேன்."

மூன்றாவது ஜாடியோடு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து.

"வெளிச்சம் தாண்டிருச்சு. நாளைக்குப் பாப்போம்" என்று கையில் வாங்கிய ஜாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மேகமூட்டம். ஞாயிறு மழை. திங்களும் மழை. வானம் பார்த்த பூமியான குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர்கள் மழை கண்டு மகிழ்ந்திருப்பார்கள். நான் வானத்தைத் திட்டினேன். பாய் ஒவ்வொரு நாளும் வந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் பத்தல" என்று சொல்லிப் போனார். ஜாடி பெட்டிக்குள் இருந்தது. ஸ்டெல்லா சீரகத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வெடித்துவிட்டது. இந்த வீட்டில் காப்பி குடிக்க இன்னொருத்தர் ஜன்னல் பார்க்க வேண்டுமா? பெட்டியைக் கிழித்தேன். அலமாரியில் எனக்காக இருந்த ஃபில்டர் காப்பித்தூளை நாலு கரண்டி போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். கம்பியை அழுத்தினால் இறங்கவில்லை. மாவாக அரைத்த தூள் வலையை அடைத்துக்கொண்டது. எனக்கா, கோபம். இரண்டு கையையும் கம்பியில் வைத்து, பாயின் தலையை நினைத்துக்கொண்டு அழுத்தினேன். சீறிக்கொண்டு மேலே வந்தது. உத்தரத்தில் தெறித்தது, காலண்டரில் தெறித்தது, பக்கத்தில் நின்ற ஸ்டெல்லாவின் மணிக்கட்டில் கொட்டியது. ஜாடி உருண்டு விழுந்து வாய் உடைந்தது.

கரகரவென்று அரைத்த தூள்தான் போட வேண்டும் என்ற குறிப்பு என் நோட்டில் நான்காம் பக்கத்தில் இருந்தது. கோபத்தில் இருப்பவன் நான்காம் பக்கம் வரை போவதில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த பாய்தான் முதலில் அகப்பட்டார்.

"மூணு ஜாடியப் பாத்தீங்களே, ஒண்ணுலயாவது இன்ன கொறைன்னு வாயத் தொறந்தீங்களா? நீங்க வாயத் தொறந்திருந்தா இவ கை வெந்திருக்குமா? உங்க தரமும் நீங்களும்! இனிமே இந்தப் படியேறாதீங்க!"

அவர் ஸ்டெல்லாவின் கையைப் பார்த்தார். அது சிவந்து பொங்கியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பதினோரு நாள். எண்ணித்தான் சொல்கிறேன். தெருவில் எந்தப் பொருளிலும் குறி விழவில்லை. அழுகின தக்காளியை ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லாவின் கை ஆறிவிட்டது, ஆனால் அவள் இப்போது என்னோடு காலையில் மட்டுமல்ல, மாலையிலும் பேசவில்லை. "அந்த மனுசன் வேணும்னா செஞ்சாரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்கும் கோபப்பட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. ரிஜெக்ட் பாய். கக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி, கையில் ஒரு காகிதப் பொட்டலம். படியேறாமல் தெருவிலேயே நின்றார்.

"ஏறச் சொன்னா ஏறுறேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"வாங்கண்ணே" என்றாள் ஸ்டெல்லா, எனக்கு முன்னால்.

பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் செராமிக் ஜாடி வந்தது. மதுரைக்கு பஸ்ஸேறிப் போய் வாங்கியிருக்கிறார். "பதினாலு பெட்டியப் பிரிக்க வச்சேன். பதினஞ்சாவதுக்குப் போலீஸக் கூப்புடுவேன்னான். பதினாலாவதுல இது கெடச்சிருச்சு, அவன் தப்பிச்சான்."

பிறகு அடுப்படி மேடையைப் பார்த்தபடி பேசினார். அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"மொத ஜாடி வாய் வட்டமில்லம்மா. சூளையில செத்த கோணிப்போச்சு. தட்டு ஒரு பக்கம் ஒரசும், மறுபக்கம் சந்துல தூள் மேலே வந்துரும். ரெண்டாவதுல உள்ள, அடியில, மெருகு ஊசிமுனை அளவு விட்டுருந்துச்சு. கறை ஏறி நாளடைவுல வீச்சம் அடிக்கும். மூணாவது..." நிறுத்தினார். "மூணாவது நல்ல ஜாடி. கையில வாங்குனதுமே தெரியும். வெளிச்சம் வெளிச்சம்னு நான்தான் இழுத்தடிச்சேன். ஜாடியப் பாத்தவன் தூளப் பாக்கலியே. தோல ஊறப்போடுற தொட்டிக்கு ஆவாரம்பட்டைய மாவா இடிச்சா போடுவோம்? ஒண்ணு ரெண்டாத்தானே இடிப்போம். எனக்குத் தெரியாதா அது? சொல்லிருக்கணும். தப்பு என்மேல."

நான்காம் பக்கத்தைப் பற்றி நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பொட்டலத்தில் தாண்டிக்குடி மலைக் காப்பிக்கொட்டை, சிக்கரி இல்லாமல், ரவையைவிடப் பெரிதாக அரைபட்டிருந்தது. முதலில் வெந்நீர் ஊற்றி ஜாடியைச் சூடாக்கிக் கொட்டினோம். பிறகு தூள், கொதி அடங்கிய தண்ணீர், மரக்கரண்டியால் ஒரு கிளறு, மூடி. செராமிக் ஆனதால் உள்ளே நடப்பது தெரியாது. நான் கடிகாரத்தைப் பிடித்தேன். அவர் ஜாடியில் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாலு நிமிஷம் பாய். இன்னும் முப்பது செகண்டு."

"உம்ம செகண்டத் தூக்கிக் குப்பையில போடும். ஊறிருச்சு."

"முப்பது செகண்டு!"

"ரெண்டு பேரும் பேசாம இருக்கீகளா?" என்றாள் ஸ்டெல்லா.

என் முப்பது செகண்டு முடிந்ததும் அவளே கம்பியில் கையை வைத்தாள். "அமுக்காதம்மா. கை கனத்துக்கு அதுவா எறங்கும்" என்றார் பாய். இறங்கியது. உள்ளேயே விட்டால் கசந்துவிடும் என்று முழுவதையும் உடனே டம்ளர்களில் ஊற்றினோம். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பின்வீட்டு முருங்கை நம்ம சுவர் மேல சாஞ்சிருக்கே, பாத்தீங்களா?" என்றாள் என்னிடம். "அந்தம்மாகிட்டச் சொல்லணும். அவுக மகனுக்குப் பொண்ணு பாத்துட்டாகளாம், தெரியுமா?"

ஏழே முக்கால் வரை பேசினாள். அன்றைய நாட்குறிப்பு மூன்று பக்கம்.

இடையில் பாய் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "காப்பி எப்படின்னு சொல்லலியேம்மா?"

"லேசாக் கசக்குதுண்ணே."

"அதான்! இந்தாளு முப்பது செகண்டு! சொன்னேன்ல?"

இப்போது தினமும் ஏழு மணிக்கு வந்துவிடுகிறார். தண்ணீர் சூடு போதாது என்கிறார், நான் கிளறுவது சரியில்லை என்கிறார், எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் வேறு சொல்கிறார், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். வாய் திறக்காத பாயே மேல் என்று ஆகிவிட்டது எனக்கு. தாங்க முடியாத மனிதர். ஏழு பத்தாகியும் அவர் வரவில்லையென்றால் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருக்கோடியைப் பார்த்து நிற்கிறேன். கோபமாகத்தான் நிற்கிறேன்.